மருந்து வைத்தவன்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் குணசீலன். அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டீ ஆற்றுகிறானே, அவன்தான். திரும்பிப் பார்க்காதீர்கள் அம்மா. பார்த்தால் அவனைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன, தெரியட்டும். நன்றாகப் பாருங்கள்.

உட்காருங்கள். பன்னிரண்டு மணி பஸ் என்று பெயர்தான். பன்னிரண்டே முக்காலுக்கு முன்னால் அது இந்த ஊருக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், ஐஸ் உருகிவிடும். உள்ளே தண்ணீர் பாட்டில்தானே? டெஸ்டுக்குத்தானே? பார்த்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் குழாயில் பிடித்தீர்கள். தேவநாதன் தோள் துண்டால் குழாய் வாயைத் துடைத்துவிட்டு, ஏதோ கோயில் குருக்கள் மாதிரி பவ்யமாகத் திறந்துவிட்டான். நீங்களும் பிடித்து, தேதி எழுதி, ஒட்டி, பெட்டியில் வைத்தீர்கள்.

அது முதல் குழாய் அம்மா. டேங்க்கின் காலடியில் இருக்கிற குழாய். அதில் எப்படிக் கெட்ட தண்ணீர் வரும்? வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுச் சமையல் ருசி என்று எழுதிக்கொண்டு போவதற்கு எதற்கு ஒரு டிபார்ட்மெண்ட்? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. உங்களை அனுப்பினவர்களைச் சொல்கிறேன்.

நான் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்வேன். பூவராகன். டேங்க் ஆபரேட்டர். பத்தொன்பது வருஷம். இப்போது இல்லை. இப்போது துண்டால் குழாயைத் துடைத்தானே, அந்தத் தேவநாதன்தான் ஆபரேட்டர். அவன் யார் தெரியுமா? குணசீலனுடைய மச்சான். பெண்டாட்டியின் தம்பி. இப்போது புரிகிறதா? புரியாது. இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊரில் பிளீச்சிங் பவுடர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்து என்பார்கள். தண்ணீரில் மருந்து போட்டாயிற்றா, இன்றைக்கு மருந்து வாடை தூக்கலாக இருக்கிறதே, இப்படி. போடுகிறது. மருந்து போடுகிறது. அந்தப் 'போடுகிறது' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

மருந்து போடுவது என்ன பெரிய வேலை என்று தேவநாதன் கேட்கிறான். முப்பதாயிரம் லிட்டர் டேங்க்குக்கு ஒரு டம்ளர் பவுடர், ஏறிக் கொட்டினால் ஆயிற்று என்கிறான். கொட்டுவானாம்! பவுடரை வாளித் தண்ணீரில் கரைக்க வேண்டும். குச்சியால் கலக்க வேண்டும். சுண்ணாம்பெல்லாம் அடியில் உட்காரும்வரை காத்திருக்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு படி ஏற வேண்டும். எத்தனை படி? எழுபத்தி இரண்டு. ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு டம்ளர் பற்றாது, ஒன்றரை. மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆபீஸர் ஒருவர் ஒரே ஒரு தடவை செய்து காட்டினார், பிடித்துக்கொண்டேன்.

திறந்த பிறகும் வேலை முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருக் கடைசிக் குழாய்க்குப் போவேன். அங்கே லேசாக மருந்து வாடை வந்தால்தான் நடுவில் எல்லாம் சரி என்று அர்த்தம். முதல் குழாயில் வருவது கணக்கே இல்லை. அந்தக் கடைசிக் குழாயில் அஞ்சலாட்சி என்று ஒருத்தி குடத்தோடு நிற்பாள். புருஷன் இல்லாதவள், கரும்பு வெட்டப் போகிறவள், வாய் நீளம். முதல் குடத்தை மோந்து பார்த்துவிட்டு, "வாடை இருக்கு, நீ போண்ணே" என்பாள். இல்லையென்றால், "என்னண்ணே, இன்னிக்கி தூங்கிட்டியா, ஒண்ணையும் காணமே" என்பாள். என் மூக்கு ஒரு மீட்டர் என்றால் அவள் மூக்கு இன்னொரு மீட்டர். பத்தொன்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. ஊரில் ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு என்று பேச்சு உண்டா? கேளுங்கள் யாரையாவது.

போன வருஷம் புரட்டாசியில் பேய் மழை. தண்ணீர் கலங்கலாக வந்தது. ஒன்றரை டம்ளர் போட்டேன். ஒருநாள், ஒரே ஒருநாள், கொஞ்சம் கூடிப் போயிருக்கும். வாளியில் ஏற்கெனவே போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டிருப்பேனோ என்னவோ. வயசு அறுபத்தொன்பது. அதைப் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை.

அன்றைக்கென்று குணசீலன் கடையில் நெல் அறுக்கிற மிஷின்காரர்கள் நாலு பேர். வெளியூர். ஒருத்தன் டீயை வாயில் வைத்துவிட்டுத் துப்பினான். "என்னய்யா, டீயில பினாயில் ஊத்துவியா?" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து நான் சைக்கிளில் போகிறேன். குணசீலன் கடை அதிர ஒரு சத்தம் போட்டான்.

"நான் என்ன சார் பண்றது? அதோ போறாரு பாருங்க, அவரு மருந்து வச்சுட்டாரு!"

கடையே சிரித்தது. நானும் அங்கே சிரித்துவிட்டுத்தான் போனேன். பாதித் தெரு போன பிறகுதான் உறைத்தது. போட்டுட்டாரு இல்லை. வச்சுட்டாரு. மருந்து வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? சோற்றில் கலந்து கொடுப்பது. ஆளை மயக்குவதற்கு, இல்லை முடிப்பதற்கு. விரோதிக்குச் செய்கிற வேலை.

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். "என்ன பூவராகண்ணே, இன்னிக்கி யாருக்கு மருந்து?" என்று குணசீலன் கேட்பான். சோசைட்டியில் பால் ஊற்றுகிற இடத்தில் பொம்பளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், "இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறேன்ணே, பயமா இருக்கு" என்கிறான். எல்லாம் தமாஷாம். தமாஷ்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபை. பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஷாமியானா. தலைவர் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், எழுதுகிற கிளார்க் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ரோடு, லைட்டு எல்லாம் பேசி முடித்ததும் குணசீலன் எழுந்தான்.

"தண்ணியில வாய் வைக்க முடியல. வாடை. எங்களுக்கு வாடை இல்லாத தண்ணி வேணும். அளவு தெரியாம மருந்து வைக்கிற ஆளை வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

"வாடை இருக்கிறதுதான்டா உனக்குக் காவல்" என்றேன் நான்.

"காவலா? அண்ணே, நீ காவல் காத்தா என் வியாபாரம் படுத்துடும்."

சிரிப்பு. நான் கூட்டத்தைப் பார்த்தேன். அஞ்சலாட்சி பொம்பளைகள் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் மோந்து பார்க்கிறவள் அவள்தானே. தலையைக் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீள வாய், அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. அதையும் நான் மறக்கவில்லை.

வயசாகிவிட்டது, ஓய்வு கொடுத்துவிடலாம் என்றார்கள். யாரைப் போடலாம் என்றார்கள். குணசீலன் மச்சான் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். எல்லாரும் கை தூக்கினார்கள், கிளார்க் எழுதினார். எழுதியதைக் காட்டுங்கள் என்று நான் நோட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். நேரமாயிற்று, நின்றார்கள், நிற்கட்டும். என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'குடிநீரில் அளவுக்கு மீறி மருந்து வைத்து வந்த ஆபரேட்டரை' என்று. வைத்து! அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே பிடித்து எழுதிவிட்டார். 'போட்டு' என்று மாற்றுங்கள் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான பெரியவரே, கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு" என்றார். ரெண்டும் ஒன்றாம். கவர்மெண்ட் நோட்டில், சீல் வைத்து, ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டு, பூவராகன் ஜனங்களுக்கு மருந்து வைத்தான்.

சாவியைக் கேட்டார்கள். மோட்டார் ரூம் சாவி, வால்வு திருகுகிற நீளச் சாவி, எல்லாம் கொடுத்தேன். தேவநாதன் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான்.

சாவியைத்தான் கேட்டார்கள். குழியைக் கேட்கவில்லை.

என்ன குழியா? சொல்கிறேன். கிழக்குத் தெருவுக்குப் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு உண்டு. தரைக்குள் குழி கட்டி, அதற்குள் வால்வு, மேலே பலகைக் கல். அந்தக் குழி எங்கே இருக்கிறது? குணசீலன் டீக்கடைக்குப் பின்னால். கடையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டினானே, அப்போதிலிருந்து அவன் கிளாஸ் கழுவுகிற தண்ணீர், பாத்திரத் தண்ணீர், பக்கத்துக் கால்வாய்ச் சாக்கடை எல்லாம் அந்தக் குழிக்குள்தான் வடிகிறது. வால்வு பழசு. கழுத்துக்கிட்டே கசிவு இருக்கிறது. தண்ணீர் ஓடுகிறவரைக்கும் உள்ளிருந்து வெளியேதான் கசியும், ஆபத்து இல்லை. நிறுத்தினோமோ, குழாய் மூச்சு இழுக்கும். குழியில் என்ன கிடக்கிறதோ அதை உறிஞ்சும். மறுநாள் திறந்தால் அது நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போகும்.

அதனால் பத்தொன்பது வருஷத்தில் பாதி வருஷம், தண்ணீரை நிறுத்துகிற போதெல்லாம் முதலில் குழியை வாரிக் கொட்டிவிட்டுத்தான் நிறுத்துவேன். காலையில் ஒருதரம் வாருவேன். இந்தப் பையில் இருக்கிறது பாருங்கள், பெயிண்ட் டப்பா, இதுதான். பழைய தலைவரிடம் ஒருதடவை சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். மறுபடி நான் சொல்லவில்லை. நான்தான் வாருகிறேனே, எதற்குச் சொல்ல வேண்டும்? என்னை விட்டால் ஆள் கிடையாது என்று இருந்துவிட்டேன்.

கடைசி நாள் அந்த வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, கல்லைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். திறந்தே கிடந்தால் தேவநாதனுக்கு அங்கே வேலை இல்லை. அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு நாளில் குணசீலன் கல்லின் மேல் விறகை அடுக்கிவிட்டான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தேவநாதன் கேட்டானா? "மாமா, வேற ஏதாச்சும் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆபரேட்டர் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்கு வாடை இல்லாத தண்ணீர் வந்தது. வாடையே இல்லை. மருந்து மூட்டை மோட்டார் ரூமில் கட்டிதட்டிக் கிடந்தது. குணசீலன் கடையில் டீ நன்றாக இருக்கிறதாம். "இப்பதான்யா தண்ணி தண்ணி மாதிரி இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகப் பேசினார்கள்.

பத்து நாள் கழித்து அஞ்சலாட்சி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் குடம்.

"அண்ணே, தண்ணியில வாடையே இல்லண்ணே. காலையில மொதக் குடம் ஒரு மாதிரியா இருக்கு. செத்த மோந்து பாரேன்."

நான் எழுந்திருக்கவில்லை.

"கூட்டத்துல கேட்டீங்கல்ல, வாடை இல்லாத தண்ணி? வந்திருக்கில்ல? குடிங்க" என்றேன்.

"நான் எங்கண்ணே கேட்டேன்?"

"வேணாம்னும் சொல்லலியே."

குடத்தை வாசலில் இறக்கி வைத்தாள். "குணசீலன்கிட்ட கைமாத்து வாங்கியிருந்தேண்ணே, அதான் வாயத் தொறக்கல" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குடத்தை மோந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்குத்தான் ஓய்வு கொடுத்துவிட்டார்களே.

ஐப்பசி அடைமழையில் தொடங்கியது. கிழக்குத் தெருவில் ஒரே நாளில் பதினோரு பேருக்கு வாந்தி, பேதி. மறுநாள் இருபது. பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டு பாட்டில் ஏற்றினார்கள். அதே மரத்தடிதான். ஜீப், டாக்டர், மருந்துப்பெட்டி எல்லாம் வந்தது. டாக்டர், "ஆபரேட்டர் யார்?" என்றார். தேவநாதன் கையைத் தூக்கினான். "குளோரின் போட்டியா?" என்றார். "போட்டேன் சார்" என்றான். நான் வேலி ஓரமாக நின்றுகொண்டுதான் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. டேங்க்கைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், தேதி எழுதினார்கள். மருந்து போடச் சொல்லி நாலு பேர் கூடவே நின்றார்கள். அப்போது மட்டும் ஒரு பயலும் வாடை என்று சொல்லவில்லை. குணசீலன் அன்றிலிருந்து கேன் தண்ணீர் வாங்கித்தான் டீ போடுகிறான். ஊருக்கு வாடை இல்லாத தண்ணீர் வாங்கிக் கொடுத்த மகராசன், கேன் தண்ணீர்!

படுத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்கு நான் பொறுப்பு இல்லை அம்மா. நீங்கள் கேட்கவில்லைதான். நானாகச் சொல்கிறேன். பொறுப்பு குணசீலன். அவன் சாக்கடை, அவன் மச்சான், அவன் பேச்சு. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவளுக்குப் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளிலிருந்து நான் வார ஆரம்பித்தேன். ஆமாம், குழியைத்தான். விடியற்காலம் ஐந்து மணிக்குப் போவேன். விறகை எடுத்துவைத்து, கல்லை நகர்த்தி, வாரிக் கொட்டிவிட்டு, கல்லை மூடி, விறகை அடுக்குவேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் ஒருதரம். பத்து மாதமாக. சம்பளம் தேவநாதனுக்கு, குழி எனக்கு. போன தடவை உங்கள் ஆபீஸிலிருந்து வந்தவர் 'நீர் தரமானது' என்று பேப்பர் கொடுத்தாராம். தேவநாதன் அதைக் கண்ணாடி போட்டு மோட்டார் ரூமில் மாட்டியிருக்கிறான். சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு?

குணசீலன் என்னை ஒருநாள் பார்த்துவிட்டான். நான் கையில் டப்பாவோடு கடைக்குப் பின்னாலிருந்து வருகிறேன்.

"ஏண்ணே, ஒதுங்கறதுக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலையா? என் கடைப் பின்னாலதான் கெடைச்சுதா?"

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். இப்போது அதுவும் ஊர் முழுக்கத் தெரியும். மருந்து வைத்தவன், இப்போது டீக்கடைக்குப் பின்னால் போகிறவன். போகட்டும். சொல்ல மாட்டேன். அவன் அந்த நோட்டில் 'வைத்து' என்பதை அடித்து 'போட்டு' என்று எழுதச் சொல்லட்டும். கிராமசபையில் எழுந்து நின்று சொல்லட்டும். ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு விறகை எடுத்துக் கல்லைக் காட்டுகிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேனே என்கிறீர்களா? நீங்கள் வெளியூர். உங்களிடம் சொன்னது சொன்னதில் சேராது.

இல்லை. சேரட்டும். எதற்குச் சொன்னேன் தெரியுமா? நாலு நாளாக இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை, கல்லை நகர்த்த முடியவில்லை. நாலு நாளாகக் குழி நிரம்பிக் கிடக்கிறது. தேவநாதன் மருந்தை என்ன அழகில் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். மேலே போட்ட மருந்து முதல் குழாயோடு சரி. கடைசிக் குழாயில் இப்போது அஞ்சலாட்சியின் மகள்தான் பிடிக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. முந்தாநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், "தண்ணியக் காய்ச்சிக் குடி" என்றேன். "எதுக்கு மாமா, டெஸ்ட்டுல நல்ல தண்ணின்னு வந்திருக்கே" என்றாள். அவள் அம்மா மாதிரி மோந்து பார்க்கிற வழக்கம் இவளுக்கு இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பஸ் சத்தம் கேட்கிறது. சொன்னேனே, பன்னிரண்டே முக்கால். கையைக் காட்டுங்கள், நிற்காமல் போய்விடுவான். ஏன், காட்டவில்லையா? அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான்.

இன்னொரு பாட்டில் இருக்கிறதா? இருந்தால் சரி. கிழக்குத் தெரு நேராகப் போய் இடது பக்கம் திரும்பினால் கடைசிக் குழாய். துண்டால் துடைக்க விடாதீர்கள். குடிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், பேப்பர் கொடுத்தவர்கள் சொன்னால் கேட்பாள். அதற்கு முன்னால் குழியைப் பாருங்கள். விறகைக் குணசீலனையே எடுக்கச் சொல்லுங்கள். கல்லையும் அவனையே தூக்கச் சொல்லுங்கள், என் இடுப்பு போன கல் அது. உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

யார் சொன்னது என்று கேட்பான். மருந்து போட்டவர் சொன்னார் என்று சொல்லுங்கள். போட்டவர். அதை அவன் வாயால் திருப்பிச் சொல்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். சொல்ல மாட்டான். நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.